சுங்கை பூலோவில் வாங்கிய இரண்டு நாள் செம்பருத்தி

நிறத்தை வைத்துச் சோறு சாப்பிடுகிறவன் நான். கோலாலம்பூர் செகாம்புட்டில் டெரஸ் வீடு, அச்சகத்தில் கலர் மெஷின் ஓட்டுகிற வேலை. இருபத்திரண்டு வருஷமாகிறது, பெரும்பாலும் இரவு ஷிப்ட். ஒரு தாளைக் கையில் எடுத்தாலே மஜெந்தா (கருஞ்சிவப்பு மை) ஏறியிருக்கிறது, சியான் (நீல மை) குறைகிறது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட ஆள் கைப்பேசியில் ஒரு நீலச் செம்பருத்திப் படத்தைப் பார்த்து 49 ரிங்கிட் 90 காசு கட்டினேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுங்கை பூலோ நர்சரிப் பக்கம் நான் போனதே அதனால்தான், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

விற்றது யார் என்று சொல்லப் போவதில்லை. செடி அட்டைப்பெட்டியில் வந்தது. வேரைச் சுற்றி ஈரச் செய்தித்தாள், அதைச் சுற்றி டேப். நட்டு ஏழு வாரம் கழித்து ஒரு மொட்டு வந்தது. ஷிப்ட் முடிந்து காலை ஏழரைக்கு வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது பூத்திருந்தது. நீலம் இல்லை. வெளுத்துப்போன கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் கொஞ்சம் சாம்பல். மனைவி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதையா நீலம்னு சொன்னீங்க?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை.

அன்று தூக்கம் வரவில்லை. அந்த விற்பனைப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். பூவுக்குப் பின்னால் இருந்த இலையும் நீலம் அடித்திருந்தது. பூந்தொட்டியின் நிழலும் நீலம். மொத்தப் படத்துக்கும் சியானை இழுத்துவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்கூட இதைக் கண்டுபிடித்திருப்பான். செம்பருத்தியில் அசல் நீலம் கிடையாது. ஊதா, இளம் ஊதா, சாம்பல் கலந்த ஊதா வரைக்கும்தான் போகும். யாராவது வானநீலத்தில் படம் காட்டினால் முதலில் இலையைப் பாருங்கள்.

சரி, சுங்கை பூலோ. கெப்போங்கைத் தாண்டிப் போனால், பழைய தொழுநோய்க் குடியிருப்பை ஒட்டிய சாலைகளில் இரண்டு பக்கமும் நர்சரிகள் வரிசையாக வரும். கோலாலம்பூர் சுற்று வட்டாரத்தில் செடி வாங்குகிற யாரைக் கேட்டாலும் இந்த இடத்தைத்தான் சொல்வார்கள். அந்தக் குடியிருப்பு 1930-இல் திறந்தது. நோயாளிகளைக் கூட்டிவந்து தங்கவைத்த இடம் அது. பிற்பாடு மருந்து வந்து குணமான பிறகும் பலருக்குத் திரும்பிப் போக வீடு இல்லை, வீடு இருந்தாலும் வரவேற்பு இல்லை. அங்கேயே தங்கி, சுற்றியிருந்த நிலத்தில் செடி வளர்த்து விற்றார்கள். இன்றைக்கு நாம் காரில் போய் இறங்குகிற நர்சரித் தொழில் அப்படித் தொடங்கியதுதான். மலாயில் அந்த இடத்துக்கு 'லெம்பா ஹாராப்பான்' என்று பெயர். நம்பிக்கைப் பள்ளத்தாக்கு.

என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அவர் இருந்தவரை சுங்கை பூலோ என்ற பெயரையே தாழ்ந்த குரலில்தான் சொல்வார். தோட்டத்தில் பக்கத்து லயத்து மாமா ஒருவரை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனதாம், பிறகு ஒரு கடிதம் மட்டும் வந்ததாம். அந்தக் கடிதத்தை யாரும் கையில் வாங்கவில்லையாம். குச்சியால் தள்ளி அடுப்பில் போட்டார்களாம். இப்போது ஞாயிற்றுக்கிழமை அதே பக்கம் குழந்தை குட்டியோடு வந்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு பூச்செடி வாங்குகிறார்கள். அப்பா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

நான் போன கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. நீலப் பெயிண்ட் அடித்த இரும்புக் கேட், உள்ளே கறுப்பு வலைக்கூரை, அதன் கீழே வரிசை வரிசையாகக் கறுப்பு பாலிதீன் பைகளில் செடி. ஒரு சீனப் பெரியவர், எழுபது வயது இருக்கும், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். "அங்கிள், பிரு அடா?" என்று கேட்டேன். நீலம் இருக்கிறதா என்று. குழாயை மூடாமலேயே சிரித்தார். "பிரு தடாலா, அண்ணே. போனுக்குள்ளதான் இருக்கு." நீலம் இல்லை என்கிறார்.

பாதி மலாய், பாதி தமிழ். தமிழை எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் கூட வேலை செய்தவர்களிடம் என்று மட்டும் சொன்னார். மேலே கேட்கவில்லை.

இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் ஒரு ராப்பியா கயிறு, கடையில் பொட்டலம் கட்டுகிற பிளாஸ்டிக் நார். செம்பருத்திகளில் சில பூக்காம்பில் மட்டும் சின்னதாக ஒரு சிவப்பு ராப்பியாத் துண்டு கட்டியிருந்தது. விலை அடையாளம் என்று நினைத்தேன். இல்லை. நேற்றுக் காலை மலர்ந்த பூவுக்கு நேற்றே கட்டிவிடுகிறார். இன்றைக்கு வருகிறவர் கயிறு கட்டிய பூவைப் பார்த்தால், இது இரண்டாம் நாள் பூ, இன்னும் வாடாமல் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கயிறு கட்டிய காம்பில் பூ சுருண்டு தொங்கினால் அது ஒரு நாள் ரகம்.

இது ஏன் எனக்கு அவ்வளவு பெரிய விஷயம் என்றால், நம் ஊர்ச் சாதாரணச் சிவப்புச் செம்பருத்தி காலையில் விரிந்து பொழுது சாயும்போது சுருண்டுவிடும். நான் காலை ஏழரைக்கு வந்து, பசியாறிவிட்டு ஒன்பதுக்குப் படுப்பேன். எழுந்திருக்கும்போது மணி நான்கு. ஆறரைக்கு மறுபடி வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஒரு பூவோடு எனக்குக் கிடைப்பது காலையில் ஒரு மணி நேரம், மாலையில் அதன் கடைசி மூச்சு. ஒட்டுக் கலப்பினங்களில் சில இரண்டு நாள், குளிர்ந்த நாளாக இருந்தால் மூன்று நாள்கூட நிற்கும். ஷிப்ட் வேலைக்காரனுக்கு அது பெரிய வித்தியாசம்.

நான் எடுத்தது ஆரஞ்சு. என் பாஷையில் சொன்னால் முதல் நாள் மஞ்சள் முழுசாக, மஜெந்தா பாதிக்குக் கொஞ்சம் குறைவாக. நடுவில் கண் மட்டும் அடர்ந்த சிவப்பு, அதிலிருந்து இதழ் நரம்பு வழியாக ஊதா கசிந்து வெளியே போகும். இரண்டாம் நாள் மஜெந்தா இறங்கி, இதழ் ஓரம் பழுத்த மாங்காய்த் தோல் மாதிரி ஆகிவிடும். வெயில் அதிகமான நாளில் நிறம் வெளிறும், மழை மூட்டமான நாளில் ஆழமாக வரும். ஒரே செடியில் வாரத்துக்கு வாரம் நிறம் மாறுகிறது. மெஷினில் இப்படி வந்தால் மேனேஜர் என்னைப் பிடித்துக் கத்துவார்.

விலை 28 ரிங்கிட். குறைக்கச் சொன்னேன், குறைக்கவில்லை. பதிலுக்கு ஒரு பை உமிக்கரி போட்டுக் கொடுத்தார். அதோடு செடியைச் சாய்த்து அடித்தண்டைக் காட்டினார். மண்ணிலிருந்து நான்கு விரல் உயரத்தில், சாய்வாக ஒரு தழும்பு. கட்டிய டேப்பின் மிச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தைத் தட்டி, "இதுக்கு மேல முளைச்சா உன்னோடது. கீழ முளைச்சா வேற மரம். வெட்டு," என்றார்.

அழகான கலப்பினங்களுக்குப் பெரும்பாலும் வேர் பலமாக இருக்காது. அதனால் நம் மண்ணையும் மழையையும் தாங்கக்கூடிய சாதாரண ரகத்தின் வேர்த்தண்டில் ஒட்டுப் போடுகிறார்கள். பூ ஒருவருடையது, கால் இன்னொருவருடையது. அந்த நகத்தட்டலைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். உள்ளே ஏறவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

குறைகளும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கார் நிறுத்த இடமே இருக்காது. நான் இரவு வேலை முடித்து நேராக ஒரு புதன்கிழமை காலையில் போனேன், ராஜா மாதிரி இருந்தது. கழிப்பறையை எதிர்பார்க்காதீர்கள். ரொக்கம் கொண்டு போங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் செருப்பு சேற்றில் போகும், கொசுவும் உண்டு. இந்தக் கடையில் எந்தச் செடிக்கும் பெயர் எழுதி வைத்திருக்கவில்லை, கேட்டால் பெரியவர் "ஆரஞ்சு", "பெரிய மஞ்சள்" என்று சொல்வார், அவ்வளவுதான். வரிசையில் வேறொரு கடையில் நான் இறங்கிய காரைப் பார்த்துவிட்டு விலை சொன்னதாகத் தோன்றியது, ஏனென்றால் அன்று மச்சானின் காரில் போயிருந்தேன். தொட்டிகளை அங்கே வாங்காதீர்கள், செடியை மட்டும் வாங்குங்கள். பெரியவர் கடைக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண். குறைத்த ஒன்று கழிப்பறை இல்லாததற்கு.

என்ன நிறம் வேண்டும் என்று முடிவுசெய்யாமல் போகிறவர்கள், முதலில் கோலாலம்பூர் பெர்டானா தாவரவியல் பூங்காவில் இருக்கும் செம்பருத்தித் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வாருங்கள். 1960-இல் தேசிய மலராக அறிவித்த பூ ஆயிற்றே, அதற்கென்று தனித் தோட்டமே இருக்கிறது. நம் ரிங்கிட் நோட்டில் இருக்கிற அதே பூ. (நோட்டு நாங்கள் அடிப்பதில்லை. கேட்கிறவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.)

வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது. கார் நிறுத்துமிடத்துக்கு முன்னால் சிமெண்ட் தரையில் தொட்டி வைத்தேன், மேற்குப் பார்த்த வீடு, மதியம் பன்னிரண்டிலிருந்து ஆறு வரை வெயில். செம்பருத்திக்கு அது போதும். மூன்று பங்கு மண், இரண்டு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு மணல் கலந்த மூட்டையே அங்கே கிடைக்கிறது, அதோடு பெரியவர் கொடுத்த உமிக்கரியையும் கலந்தேன். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவில்லை. இங்கே பிற்பகல் மழைக்குத் தட்டில் தண்ணீர் நின்றால் வேர் அழுகுவது ஒரு பக்கம், ஏடிஸ் கொசு முட்டை போடுவது இன்னொரு பக்கம். சுகாதாரத் துறைக்காரர்கள் கதவைத் தட்டி டார்ச் அடித்துப் பார்த்து, புழு இருந்தால் 500 ரிங்கிட் அபராதச் சீட்டு எழுதிவிடுவார்கள். எங்கள் வரிசையில் ஒரு வீட்டுக்கு எழுதினார்கள்.

உர விஷயத்தில் வேறொரு கடையில் எனக்கு ஒரு பொட்டலத்தைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். 'பூக்கும் உரம்' என்று போட்டு, தழைச்சத்து, பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவைக் காட்டும் மூன்று எண்ணில் நடு எண் மட்டும் பெரிதாக இருந்தது. நடு எண் பாஸ்பரஸ். செம்பருத்திக்கு அது அதிகம் ஆகாது. கடைசி எண், பொட்டாசியம், கூடுதலாக இருப்பதுதான் அதற்குப் பிடிக்கும். பெரியவரிடம் கேட்டபோது "பாஜா பிரு போடு" என்றார். நீல நிறத்தில் உருண்டையாக இருக்குமே, 12-12-17-2 என்று மூட்டையில் அச்சடித்திருக்கும், அது. கடைசி 2 மெக்னீசியம். மாதம் ஒரு தடவை இரண்டு தேக்கரண்டி, தண்டில் படாமல் தொட்டி ஓரமாகத் தூவித் தண்ணீர் விடுகிறேன். செடியில் நீலம் கேட்ட எனக்கு உரத்தில்தான் நீலம் கிடைத்தது.

முதல் மூன்று மாதம் பிரமாதம். அப்புறம் மொட்டு உதிர ஆரம்பித்தது. பெரிய மொட்டு, நாளைக்கு விரியும் என்று நினைத்தால் மஞ்சளாகி, காலையில் தரையில் கிடக்கும். தினமும் நான்கைந்து. தண்ணீர் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று குழம்பினேன். ஒரு நாள் மாலை, அச்சுப் புள்ளிகளைப் பார்க்க நான் பையில் வைத்திருக்கிற லூப்பை, அதாவது சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, விழுந்த மொட்டு ஒன்றைப் பிளேடால் நீளவாக்கில் கீறி வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். சுருட்டி வைத்த இதழ்களுக்கு நடுவில் வெள்ளையும் மஞ்சளுமாக ஏழெட்டுப் புழு, அரிசிக் குருணையில் பாதி அளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று உடம்பை வளைத்து, விட்டுவிட்டு எகிறியது. தாளைத் தாண்டி மேசையில் விழுந்தது. கால் இல்லாத புழு குதிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

லூப்போடு கைப்பேசியில் எடுத்த படத்தைச் சுங்கை பூலோவுக்குக் கொண்டுபோய்ப் பெரியவரிடம் காட்டினேன். மருந்து விற்பார் என்று நினைத்தேன், விற்கவில்லை. இது மொட்டு ஈ என்று விளக்கினார். மொட்டுக்குள் முட்டை போடும், புழு உள்ளேயே தின்று வளரும், மொட்டு விழுந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டும், அங்கிருந்து மறுபடி ஈயாக வரும். மருந்து அடித்தாலும் மொட்டுக்குள் இருப்பதைத் தொடாது. "விழுந்த மொட்டை மண்ணுல விடாதே. மஞ்சளாகிற மொட்டையும் பறி. பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டிக் குப்பையில போடு. தினமும்," என்றார். தினமும் என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார். ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் மொட்டுப் பொறுக்குவது என் வேலையானது. ஆறு வாரத்தில் பாதிக்கு மேல் குறைந்தது. முழுசாக நிற்கவில்லை, இப்போதும் வாரத்துக்கு இரண்டு மூன்று விழுகிறது. மாவுப்பூச்சியும் ஒரு தடவை வந்தது. அது சுலபம், பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். எறும்பு ஏறுகிற வழியை அடைக்க மறக்கக் கூடாது, பூச்சியைக் காவல் காப்பதே அதுதான்.

இன்னொன்று. செம்பருத்தி இலையை அரைத்துத் தலைக்குத் தேய்க்கிற பழக்கம் உள்ளவர்கள், எண்ணெய் காய்ச்சுகிறவர்கள், நர்சரியிலிருந்து வந்த புதுச் செடியில் கைவைக்காதீர்கள். அங்கே பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். பெரியவரே சொன்னார், புதிதாக வருகிற தளிரும் பூவும் மட்டும், அதுவும் சில மாதம் கழித்து.

போன வருஷக் கடைசியில் முதுகு பிடித்துக்கொண்டு மூன்று வாரம் குனிய முடியாமல் கிடந்தேன். அதே சமயம் மழையும். எழுந்து வந்து பார்த்தால் செடியின் ஒரு பக்கம் நேராக ஒரு கொம்பு, என் இடுப்பு உயரத்துக்கு, பளபளவென்று கரும்பச்சை இலையோடு. முதுகுவலியிலும் சந்தோஷம் தாங்கவில்லை. மற்ற கிளைகள் ஏன் இப்படி மெலிந்து போயிருக்கின்றன என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. பத்து நாள் கழித்து அந்தக் கொம்பில் பூ வந்தது. சின்னது. சிவப்பு. ஒற்றை அடுக்கு. சாயங்காலமே சுருண்டுவிட்டது.

அப்போதுதான் குனிந்து தண்டைப் பார்த்தேன். தழும்புக்கு இரண்டு விரல் கீழே முளைத்திருந்தது. வேறு மரம்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தால் மனைவி தடுத்தாள். அவள் முதலிலிருந்தே அந்த ஆரஞ்சுப் பூவை அம்மன் படத்துக்கு வைக்க மாட்டாள். பார்க்க பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறதாம், சாமிக்கு வைக்க மனசு வரவில்லையாம். செவ்வாய், வெள்ளிக்குச் சிவப்புச் செம்பருத்திக்காகப் பின்வீட்டு அக்காவிடம் போய் நிற்பாள். "நம்ம வீட்லயே சாமி பூ பூத்திருக்கு, அதை வெட்டுறேங்கறீங்க," என்றாள். விட்டுவைத்தால் கீழே உள்ளவன் மேலே உள்ளவனைத் தின்றுவிடுவான் என்று விளக்கினேன். "அப்ப அதைத் தனியா நடுங்க" என்றாள்.

வெட்டினேன். தழும்புக்குக் கீழே முளைத்த அந்தக் கொம்பை மட்டும், தண்டோடு ஒட்டி, கட்டை மிச்சம் விடாமல் அடியோடு. வெட்டிய கொம்பை ஒரு சாண் அளவில் நான்கு துண்டாக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த மண்ணில் குத்தி, மாடிப்படிக்குக் கீழே நிழலில் வைத்தேன். ஒரு துண்டு அழுகியது. மற்ற மூன்றும் ஐந்தாவது வாரத்தில் தளிர்த்தன. ஒன்று மனைவிக்கு, ஒன்று பின்வீட்டு அக்காவுக்கு.

மூன்றாவதைப் போன மாதம் சுங்கை பூலோவுக்கு எடுத்துக்கொண்டு போனேன், அடுத்த ஒட்டுக்கு வேர்த்தண்டாக ஆகட்டும் என்று. பெரியவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெட்டுன்னு சொன்னேன்ல. எத்தனை நாள் விட்டே?" என்று கேட்டார். மூன்று வாரம் என்றேன். இடுப்பு உயரம் என்பதைச் சொல்லவில்லை. செடியை வாங்கி மற்ற பைகளோடு வைத்துவிட்டு, இந்தத் தடவை ஒரு மஞ்சளுக்கு 3 ரிங்கிட் குறைத்தார்.